கூட்டத்தில் நின்ற கைடு

கனடாவின் கியூபெக் நகரத்தில் கால் வைத்த அரைமணி நேரத்துக்குள் என் மானம் போயிற்று.

ரயிலடியிலிருந்து கல் பாவிய ஒரு சரிவுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி சரோஜா, எங்கள் மகள் தேன்மொழி. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அவருடைய கனத்த கோட்டை மட்டும் அனுப்பியிருந்தார். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அதை மாட்டியிருந்த சரோஜா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், எனக்கு அவசரமா பாத்ரூம் போவணும்."

தேன்மொழி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். நான் கையமர்த்தினேன். "நீ சும்மா இரும்மா. மாண்ட்ரியல் உன் ஊரு. இங்க நான் பாத்துக்கறேன்."

பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை. கதவைத் திறந்ததும் வெண்ணெய் உருகும் வாசனையும் அடுப்புச் சூடும் முகத்தில் அடித்தன. கல்லாவில் இருந்த அம்மாளிடம், நெஞ்சை நிமிர்த்தி, பிரெஞ்சில், "ஊ சோன் லே துவாலெத், சில் வூ ப்ளே, மதாம்?" என்றேன்.

அந்த அம்மாள் புன்னகையோடு என்னவோ சொன்னார். ஒரு சொல் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். கையை ஆட்டிக்கொண்டு இன்னும் வேகமாகச் சொன்னார். மூக்கிலிருந்து வருகிறதா தொண்டையிலிருந்து வருகிறதா என்று தெரியாத ஒரு பேச்சு. மூன்றாவது முறை நான் வாயைத் திறப்பதற்குள், பாவம் பார்த்து இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். "டவுன்ஸ்டேர்ஸ், சார். லெஃப்ட் சைடு."

சரோஜா போய்விட்டு வந்தாள். வந்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாய்யா, முப்பது வருசமா பிரெஞ்சு பிரெஞ்சுன்னு பீத்திகினு இருந்தியே, எல்லாம் டுபாக்கூரா?"

தேன்மொழி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கடை ஜன்னலில் அடுக்கியிருந்த ரொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிப்பி மாலை கொடுத்த பாஷை

சவுக்குத் தோப்பைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் திருவிடந்தைக்குத் தெற்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவர் தோப்பில் சவுக்கு வெட்டிப் பிழைத்தவர்கள். அதைப் படித்த கேளம்பாக்கத்து வாசகர் ஒருவர், "பத்தாம் வகுப்பு முடிக்காத உங்களுக்கு பிரெஞ்சு எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தார்.

மாலை விற்றதால் வந்தது, ஐயா.

பள்ளிக்கூடத்தை விட்டதும் மாமல்லபுரம் கடற்கரையில் சிப்பி மாலை விற்கப் போனேன். இங்கிலீஷ்காரர்களைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பிரெஞ்சுக்காரர்களிடம் போட்டி குறைவு. அவ்வளவுதான் காரணம். பாஷை மேல் ஆசைப்பட்டெல்லாம் நான் போகவில்லை.

ஆசை பிறகுதான் வந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் கடற்கரை லாட்ஜில் தங்கியிருந்த வயதான பிரெஞ்சுத் தம்பதி, நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் விடவே மாட்டார்கள். சரியாக வரும் வரைக்கும் மாலையைக் கையில் வாங்க மாட்டார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். கல்லுக்கு 'பியேர்', யானைக்கு 'எலெஃபான்', ராஜாவுக்கு 'ருவா'.

மாலை விற்பவன் கல்யானை விற்பவன் ஆனேன். கல்யானை விற்பவன் கைடு ஆனேன். தேர்வு எழுதி அடையாள அட்டை வாங்கியது அதற்கும் பிறகு. அஞ்சு ரதம், அருச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் என்று ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. வெயிலில் தொண்டை வறளப் பேசியதில், கூட்டிக் கழித்துப் பார்த்தால், என் வாழ்நாளில் தமிழைவிட பிரெஞ்சைத்தான் சத்தமாகப் பேசியிருக்கிறேன்.

நம்மவர்கள் கைடு வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ, ஒரு தட்டு மீன் வறுவல், வண்டியைத் திருப்பு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே வேறு ஊருக்குப் போனால் அப்படித்தான் செய்வேன் என்று நினைத்திருந்தேன்.

என் பிரெஞ்சை வீட்டில் யாரும் கேட்டது கிடையாது. சரோஜா கேட்க நினைக்கவில்லை. காலையில் இட்லிக்கடை, மத்தியானம் தூக்கம் என்று அவளுக்கு வேறு வேலை இருந்தது. தேன்மொழி செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அப்புறம் இன்ஜினியரிங், நாவலூரில் கம்பெனி, அங்கிருந்து மாண்ட்ரியல்.

சிவப்புக் குடை

மறுநாள் காலை ஓட்டலில் முட்டை தின்றுகொண்டிருக்கும்போது தேன்மொழி சொன்னாள்: "அப்பா, பழைய ஊரச் சுத்திப் பாக்க ஒரு கைடு டூர் போட்டிருக்கேன். நடந்து போறது. ரெண்டு மணி நேரம்."

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷும் இருந்துது. நான் பிரெஞ்சுல போட்டுட்டேன்."

கரண்டியைத் தட்டில் வைத்தேன். "நேத்து பாத்தேல்ல? இவங்க பேசறது எனக்குச் சுத்தமாப் புரியலம்மா."

"புரியலன்னா பரவால்லப்பா. வேடிக்க பாத்துக்கினு வரலாம்."

கோட்டை மாதிரி நிற்கும் பெரிய ஓட்டலுக்கு முன்னால், ஆற்றைப் பார்த்த மரத்தளத்தில் பதினைந்து பேர் கூடியிருந்தோம். நடுவில் சிவப்புக் குடையை மடக்கிப் பிடித்தபடி ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். காதுவரை கம்பளிக் குல்லாய். பெயர் மிரேய் என்றாள்.

அவள் பேச ஆரம்பித்தாள். நான் தலையைக் குனிந்து, மறுபடி அவமானப்படத் தயாராக நின்றேன்.

புரிந்தது.

முதலில் நம்பவில்லை. மறுபடி காதைக் கொடுத்தேன். இடதுபக்கம் பாருங்கள். மேலே அந்தக் கல்லைப் பாருங்கள். இந்தச் சுவரை எழுப்பியது யார் தெரியுமா? இதோ, இந்த இடத்தில்தான் ஆறு குறுகுகிறது. இந்த மண்ணின் பழங்குடிகள் 'ஆறு குறுகும் இடம்' என்று சொன்னதுதான் கியூபெக் என்று ஆயிற்று. எல்லாம் புரிந்தது. ஏனென்றால் நிறுத்தி, நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசினாள். கல், ராஜா, நூற்றாண்டு, போர், கவனம் படி வழுக்கும். ரொட்டிக்கடையில் பேசும் பிரெஞ்சு எனக்குத் தெரியாது. கைடு பேசும் பிரெஞ்சு என்னுடைய பிரெஞ்சு.

சரோஜாவின் காதருகே தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் அவள் நம்பவில்லை.

"நீயா அட்ச்சி வுடறியா?"

"இல்லடி. அந்தம்மா சொல்றதத்தான் சொல்றேன்."

அடுத்த இடத்தில் மிரேய் ஒரு நகைச்சுவை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொல்லி முடித்ததும், நாலு விநாடி தள்ளி, சரோஜா தனியாகச் சிரித்தாள். மிரேய் திரும்பிப் பார்த்தாள்.

கப்பல் தொங்கிய கோயில்

மரப்படிக்கட்டில் இறங்கிக் கீழூருக்கு வந்தோம். சின்ன சதுக்கத்தில் ஒரு பழைய மாதா கோயில். உள்ளே மெழுகுவத்தி வாசனை. கூரையிலிருந்து ஒரு கப்பல் தொங்கியது. பாய்மரம், கயிறு எல்லாம் வைத்துச் செய்த பொம்மைக் கப்பல்.

சரோஜா அண்ணாந்து பார்த்தாள். "கப்பல இன்னாத்துக்குக் கோயிலுக்குள்ள தொங்க வுட்டுகீறாங்க? கேளேன்."

கூட்டத்தில் கேள்வி கேட்பது எனக்குப் பழக்கமில்லை. பதில் சொல்லித்தான் பழக்கம். கையைத் தூக்கி, நாக்கு குழறிக் கேட்டேன். மிரேயின் முகம் மலர்ந்தது. கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் நன்றிக்காகக் கொடுத்த காணிக்கை என்று விளக்கினாள்.

"அப்ப நம்ம நித்யகல்யாணப் பெருமாளுக்கு மால போடற மாதிரிதான்," என்றாள் சரோஜா.

எங்கள் திருவிடந்தைக் கோயிலில் கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கிச் சாத்தி, ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். தேன்மொழியை அப்படிச் சுற்ற வைத்தவள் சரோஜாதான். ஐந்தாவது சுற்றில் ஆபீசிலிருந்து போன் வந்து, அவள் மாலையும் கழுத்துமாக, போனில் யாரையோ இங்கிலீஷில் திட்டிக்கொண்டே மீதி நாலையும் முடித்தாள். ஆறே மாதத்தில் வரன் அமைந்தது. பெருமாள் அந்தக் கடைசிச் சுற்றுகளைக் கணக்கில் சேர்த்தாரா என்று சரோஜாவுக்கு இன்றுவரை சந்தேகம்.

இதையும் மிரேயிடம் சொல்லு என்றாள். ஒன்பது சுற்றுவரைக்கும் சொன்னேன். போன் விஷயத்தைச் சொல்லவில்லை.

கூட்டம் கரையும் விதம்

கோயிலை விட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. ஊசி ஊசியாகக் குளிரை ஏற்றுகிற மழை.

கூட்டம் எப்படிக் கரையும் என்பது எனக்கு அத்துபடி. யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். முதலில் மணி பார்ப்பார்கள். அப்புறம் கடைசி வரிசைக்கு வருவார்கள். கடை ஜன்னலில் ஏதோ இருக்கிற மாதிரி திரும்புவார்கள். அடுத்த முறை பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும்.

பதினைந்து பேர் ஒன்பது ஆனோம். ஒன்பது, ஐந்து. ஒரு வளைவுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியபோது நாங்கள் மூன்று பேர் மட்டுமே இருந்தோம்.

மிரேய் கவனிக்காத மாதிரி பேசிக்கொண்டே போனாள். ஆனால் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. ஒரு வீட்டைக் காட்டி ஏதோ ஆரம்பித்து, வேண்டாமென்று விட்டாள். அந்தத் தாண்டல் எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில், எதிரே நிற்பவர்கள் நிழலைத் தேடும்போது, மகிஷாசுரமர்த்தினி குகையில் நான் எத்தனை தடவை அப்படித் தாண்டியிருக்கிறேன்.

கடைசியில் குடையைத் தாழ்த்தி, "உங்களுக்குக் குளிரும். வேண்டுமானால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம்," என்றாள்.

"வேண்டாம், மதாம்," என்றேன் பிரெஞ்சில். "அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தீர்கள். அங்கிருந்தே சொல்லுங்கள்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நான் தாண்டியது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

எனக்கு முந்திக்கொண்டு தேன்மொழி பேசினாள். ஆபீசில் மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சு அவளுடையது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"மோன் பேர் எ கீத்."

என் அப்பா ஒரு கைடு.

சரோஜா சட்டென்று திரும்பினாள். "இன்னாடி? யாருக்குப் பேரு கீதாம்?"

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாவுக்குத்தாம்மா. பேரு கீது."

மிரேய் விசாரித்தாள். எந்த ஊர், எத்தனை வருஷம், எத்தனை பேர் கொண்ட கூட்டம். நான் பேசப் பேச அவள் தலையாட்டிச் சிரித்தாள். "நீங்கள் பிரான்ஸ்காரர் மாதிரிப் பேசுகிறீர்கள். இந்த ஊரில் அதை யாரும் அவ்வளவாக ரசிக்க மாட்டோம்," என்றாள். பிறகு அந்த வீட்டின் கதையை ஆரம்பித்தாள். மூன்று பேருக்காக, முப்பது பேருக்குச் சொல்கிற மாதிரி, ஒரு சொல் குறையாமல். கதை முடிந்து பிரியும்போது கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றி, கொலேக்," என்றாள். கூட வேலை செய்கிறவனைக் கூப்பிடும் சொல் அது.

மதில்மேல்

மழை விட்டது. ஊரைச் சுற்றியிருக்கும் பழைய மதில்மேல் நடக்க வழி இருக்கிறது. மேப்பிள் இலைகள் சிவப்பாக நனைந்து காலில் ஒட்டின. சரோஜா கம்பியைப் பிடித்தபடி பின்னால் மெதுவாக வந்தாள். தேன்மொழி என் பக்கத்தில் நடந்தாள்.

"நைனா," என்றாள்.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்கப்புறம் எல்லாம் அப்பாதான்.

"எங்க ஸ்கூல்லருந்து மாமல்லபுரம் டூர் வந்தோமே, ஞாபகம் கீதா?"

ஞாபகம் இல்லாமலா? அன்று நான் அஞ்சு ரதத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியோடு நின்றிருந்தேன். இரண்டு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சீருடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய பள்ளி விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'தொல்லியல் துறை' என்று அவளே எழுதியிருந்தாள். பார்த்துக்கொண்டேதான் நான் கையெழுத்துப் போட்டேன். அவள் சிநேகிதிகள் முன்னால், கசங்கின சட்டையும் தலையில் துண்டுமாக நான் நின்றால் அவளுக்குச் சங்கடம். சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, ரதங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய கல் யானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிள்ளைகள் போகும்வரை வெளியே வரவில்லை. வந்தபோது அந்தத் தம்பதி போய்விட்டிருந்தார்கள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சரோஜாவுக்குக்கூட.

"நீ யானைக்குப் பின்னால ஒளிஞ்சத நான் பாத்தேன் நைனா," என்றாள் தேன்மொழி. "அந்த வெள்ளக்காரங்க ரெண்டு பேரும் உன்னத் தேடிக்கினு நின்னாங்க. எங்க மிஸ்ஸு, 'கைடு டிமிக்கி குட்த்துட்டான்'னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க." காலில் ஒட்டிய இலையை உதறினாள். "நானும் சிரிச்சேன்."

ஆற்றில் ஒரு கப்பல் ஊதியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.

"அந்த வயசுல நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேம்மா."

"சும்மா சமாதானம் சொல்லாத. வலிச்சுதா இல்லியா?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"நீ சிரிச்சது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இப்ப வலிக்குது, கொஞ்சம். ஆனா இத்தன வருசமா வலிச்சது அது இல்ல. அந்த ரெண்டு பேரப் பாதியில வுட்டுட்டுப் போனேனே, அதான். அப்படி ஒருநாளும் நான் செஞ்சதில்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழையில் நனைந்த கையுறையால் துடைத்ததில் கன்னமெல்லாம் ஈரம். நான் அவள் தோளில் கை வைத்தேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் வைக்கிற பழக்கம் இல்லை. கை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்தேன். அவள் விலகவில்லை. மனசில் எங்கோ கிடந்த ஒரு கல்லை யாரோ மெதுவாக நகர்த்திவைத்த மாதிரி இருந்தது.

"நீ சுத்திக் காட்டி நான் ஒருவாட்டிகூடப் பாத்ததில்ல," என்றாள். "அன்னிக்கு எந்த எடத்துல வுட்ட?"

"சகாதேவன் ரதத்துல."

"சரி, அங்கருந்து சொல்லு."

"இங்கயா?"

"இங்கதான். சொல்லுப்பா."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். மதில், புல்சரிவு, தூரத்தில் பழுப்பாக ஓடும் ஆறு. எதிரே ரதமும் இல்லை, யானையும் இல்லை. "மெதாம், மெஸ்யே..." என்று ஆரம்பித்தேன்.

"தமிழ்ல."

தமிழில் எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கல்லைப் பற்றி என் வாயில் தமிழ் வந்ததே இல்லை. ஒவ்வொரு சொல்லும் பிரெஞ்சில் முன்னால் வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால் இருப்பதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கைடு தேர்வுக்குப் படித்தபோது பார்த்த ஒரு சொல் கடைசியில் கிடைத்தது.

"இந்த யானையோட முதுகப் பாருங்க," என்றேன், வெறும் காற்றைக் காட்டி. "இப்ப பக்கத்துல கீற கோயிலோட முதுகப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சிருக்கும். யானை படுத்துத் தூங்கற மாதிரி கட்டின கோயில். இதுக்குத் தமிழ்ல தூங்கானை மாடம்னு பேரு."

"தூங்கானை," என்று தேன்மொழி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இத்த ஏன் இப்படிக் கட்டினாங்க?"

அது நல்ல கேள்வி. பிரெஞ்சுக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது பின்னால் கம்பியைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்த சரோஜாவின் குரல் கேட்டது.

"யோவ், கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்! பின்னால வர்றவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."